புறப்படும் முன் சொல்லும் விலை

...நகவெட்டி எங்கே என்று அவர் கேட்டார், வைத்த இடத்தில் இருக்கும் என்று இவள் சொன்னாள், அதற்குமேல் இருவருக்கும் பேச்சில்லை, ஒரு காலை முடித்து மறு காலை முக்காலியில் தூக்கி வைக்கும்போது அவருடைய தம்பி போன் செய்தான், புறவழிச்சாலையில் ஒரு கார் நின்றுவிட்டதாம், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், வருகிறேன் என்றாரா? சொல்லியிருப்பார், தினமும் சொல்வதுதானே, காதில் விழுந்திருக்காது... பிறகு மருத்துவமனையில் துணியை விலக்கியபோது இவள் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தாள், ஒன்றில் நகம் வெட்டியிருந்தது, ஒன்றில் வெட்டவில்லை, ஆமாம் இவர்தான் என்றாள். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. இந்தக் கூட்ட அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றுகிறது, பழுதான வண்டிகளை இழுத்துப் போகும் ரெக்கவரி வண்டிகளுக்கு நியாயமான கட்டணம் நிர்ணயிக்க எல்லா உரிமையாளர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள், வண்டி இப்போது இவள் பேரில் இருப்பதால் இவளும் உரிமையாளர், என்ன ஒரு வார்த்தை... அதிகாரி அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறார், “நடுரோட்டுல நிக்கிறவங்ககிட்ட வாய்க்கு வந்த ரேட்டு கேக்குறீங்கன்னு புகார் மேல புகார்.” சங்கத் தலைவர் எழுந்தார், தொழிலில் எல்லோருக்கும் அவர் ‘கொக்கி’தான், பிடித்தால் விடமாட்டார். “போகும்போது காலி வண்டியாத்தான் மேடம் போறோம், அதுக்கு டீசல் என்ன எங்க மாமனாரா ஊத்துறாரு?” பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “அவரு ஊத்துனா நீங்க குடிச்சிருவீங்களேண்ணே!” எல்லோரும் சிரித்தார்கள். இவள் உதடும் விரிந்தது, சிரிக்க வேண்டிய இடம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

பக்கத்து நாற்காலியில் கொழுந்தன் கால் ஆட்டிக்கொண்டிருந்தான். வரும் வழியிலேயே சொல்லிவிட்டான், “அண்ணி, நீங்க நெனைக்கிறத சங்கம் ஒத்துக்காது, வாயத் தொறக்காம ஒக்காந்திருங்க.” இவள் நினைப்பது ஒன்றே ஒன்றுதான், வண்டி புறப்படும் முன் விலையைப் போனிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தொழிலில் யாரும் சொல்வதில்லை, சொன்னால் கூப்பிட்டவர்கள் அடுத்த ஆளுக்குப் போன் போட்டு விடுவார்கள், அதனால் வந்து பார்த்துச் சொல்கிறோம் என்பார்கள், வந்து பார்த்தபின் சாலை ஓரத்தில் நின்று பேரம், லாரிகள் சீறிக்கொண்டு போகும்போது பேரம்... ரேட்டு பேசிக்கிட்டிருந்தோம், லாரி வந்துருச்சு, என்றுதான் அந்தக் கார்க்காரர் காவல் நிலையத்தில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் இவள் இத்தனை நாளாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், பேரம் இல்லையென்றால் அவர் இருந்திருப்பார், விலை முன்பே தெரிந்திருந்தால் இருந்திருப்பார், இதைவிட்டால் பிடித்துக்கொள்ள வேறென்ன இருக்கிறது? எழுந்துவிட்டாள். எப்போது எழுந்தாள்? “கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல ரேட்டச் சொல்லணும்னு போடுங்கம்மா,” இது இவள் குரல்தான், எங்கோ அடுத்த அறையில் யாரோ பேசுவதுபோல். கொக்கி திரும்பினார், “என்ன தங்கச்சி நீ, வண்டியப் பாக்காம எப்படிச் சொல்றது? பொண்ணப் பாக்காமலே தாலி கட்டச் சொல்றியே!” “சக்கரம் உருளுதா, பள்ளத்துல எறங்கியிருக்கா, எங்க கொண்டுபோய் விடணும், இதக் கேட்டா தெரிஞ்சிரும்ணே. எங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரு.” அதிகாரி பேனாவை மூடினார், “இப்ப போன்ல என்னதான் சொல்றீங்க?” பக்கத்து நாற்காலியில் கால் ஆட்டுவது நின்றது. “வந்து பாத்து சொல்றோம்னுதான் மேடம்,” என்றான் கொழுந்தன், மேசையைப் பார்த்துக்கொண்டு, “அன்னைக்கு அந்தக் கார்க்காரர்கிட்ட நாந்தான் அப்படிச் சொன்னேன்.” இத்தனை நாள் சோற்றுத் தட்டைக்கூட நிமிர்ந்து பார்த்து வாங்காதவன்... அந்தப் பேரத்தால்தான் என்று இவளுக்குத் தெரியாதா என்ன, அவனுக்கும் தெரிந்திருக்கிறது, ஒரே வீட்டில் ஆளுக்கொரு பக்கம் அதையே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். கொக்கி அவனை ஒரு பார்வை பார்த்தார், பிறகு, “போட்டுக்குங்க மேடம்,” என்று உட்கார்ந்துவிட்டார்.

ஜெயித்தாயிற்று. ஜெயித்தால் எப்படி இருக்க வேண்டும்? மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல இருந்தது, கிள்ளுவது தெரிகிறது, வலி தெரியவில்லை. படியிறங்கி வந்தார்கள், வண்டி வாசலுக்கு வெளியே சாலையோரம் நின்றது, பின்னால் கம்பிவடம் தளர்ந்து தொங்கியது, ஒரு நிமிஷம் அண்ணி என்று கொழுந்தன் அதை இறுக்கப் போனான், சாலைப் பக்கமாக, ஒரு பேருந்து அவன் சட்டையை உரசுகிற மாதிரி போயிற்று, அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “தம்பி, இந்தப் பக்கம் வந்து பண்ணேன்.” “லீவர் இங்கதான அண்ணி இருக்கு.” “அந்தப் பக்கம் மட்டுமா?” “வண்டி வாங்குனதுலேர்ந்து அப்படித்தான்.” பின் சக்கரத்தை ஒட்டி, ரோட்டுப் பக்கமாகக் கிடந்தார் என்று போலீஸ்காரர் சொன்னாரே... பேரம் பேசுகிறவர் அங்கே ஏன் நிற்க வேண்டும்? பேசி முடித்து லீவரைப் பிடித்திருந்தாரா? படிந்துவிட்டதா விலை? கார்க்காரருக்குப் பதற்றத்தில் முன்பின் தெரியாமல் போயிருக்குமோ, யாரிடம் கேட்பது, கேட்டுத்தான் என்ன? கொழுந்தன் முதுகைச் சாலைக்குக் காட்டியபடி லீவரை அழுத்தினான். கம்பிவடம் மெல்லச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிற்று.