எட்டாம் நம்பர் சட்டை

கொலையாகிப் பதினோரு மாதம் கழித்து, முதல் சமாதானக் கால்பந்து ஆட்டத்தின் இருபதாவது நிமிடத்தில், லாண்டரிக்காரியின் மகன் மாற்று ஆட்டக்காரனாக மைதானத்தில் இறங்கினான். சமாதானக் குழு பழைய பட்டியலைப் பார்த்து எழுதியபோது அவன் பெயரை அடிக்க மறந்திருந்தது. நடுவர் தபாலாபீஸ் குமாஸ்தா; பட்டியலில் பெயர் இருந்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கிற ஆள் இல்லை. பூட்ஸின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டினார். மேட்டுத் தெரு அணியின் எட்டாம் நம்பர் சட்டையில் விலாவுக்குக் கீழே ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. எதிரணியான பள்ளத் தெருவின் கோல் காத்து நின்றவன்தான் அவனைக் குத்தியவன். சாட்சி சொல்ல ஆளில்லாமல் விடுதலையானவன். அன்றைக்கு அவன் இரண்டு பந்துகளைப் பேசாமல் உள்ளே விட்டான். நல்ல மனசு என்று ஊரே மெச்சிக்கொண்டது.

மேட்டுத் தெருவுக்கும் பள்ளத் தெருவுக்கும் ஏன் பகை வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை, அதனால் வெட்டுக்குத்து குறைந்துவிடவும் இல்லை. லாண்டரி இரண்டு தெருவும் சேரும் முக்கில் இருந்தது. இரண்டு அணியின் சட்டையும் அவளிடம்தான் சலவைக்கு வரும். ஆட்டம் முடிந்து விசில் ஊதியதும் மகன் இருந்த இடத்தில் சட்டை மட்டும் புல்லில் கிடக்கும். அவள் போய் எடுத்துவந்து துவைப்பாள். வருஷத்துக்கு ஒரு நாள், எழுபது நிமிடம். அவன் பேசமாட்டான். ஒரே ஒரு தரம் அவள் பக்கம் திரும்பி, சின்ன வயசில் செய்தது போலவே முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொள்வான். மீதி முந்நூற்றுச் சொச்சம் நாளை அதை வைத்து ஓட்டிவிடுவாள்.

ஆறு வருஷம் போயிற்று. பாழாய்ப்போன சமாதானம் நிஜமாகவே வந்துவிட்டது. இரண்டு தெருவுக்கும் இடையில் மூன்று கல்யாணம் நடந்தது. காவல் நிலையச் சுவரில் புறா வரைந்தார்கள். கோல்கீப்பருக்குத் தொப்பை விழுந்தது, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அவள் மகனுக்கு மட்டும் பத்தொன்பது வயசு தாண்டவில்லை. ஏழாவது வருஷம் குழுவின் செயலாளர் கடைக்கே வந்தார்.

“ஊரு அமைதியாயிடுச்சும்மா. இனி ஆட்டம் எதுக்கு? ரெண்டு தெருவும் சேர்ந்து பாட்டுக் கச்சேரி வச்சிருக்கோம்.”

“என் பையன் வர்றது அந்த ஒரு நாள்தானேங்க.”

“கச்சேரிக்கு வரச் சொல்லுங்க. முன் வரிசையில நாற்காலி போட்டுடறேன்.”

“அவனுக்குப் பாட்டு வராதுங்க.”

இருந்தும் போனாள். நாற்காலி காலியாகவே கிடந்தது. ஊர் முழுக்கக் கைதட்டிய அந்தச் சத்தத்தில் அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒரு தெருவின் சலவையான சட்டைகளை மறு தெரு வாங்கிப்போய்க் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வது குழு ஏற்படுத்திய வழக்கம். மன்றத்தில் மாட்டிவைப்பதற்காகக் கடைசித் தடவையாக அதைச் செய்தார்கள். மேட்டுத் தெருச் சட்டைகளின் நெஞ்சில் அவள் கத்தரியால் குறுக்கும் நெடுக்குமாக வெட்டினாள். எட்டாம் நம்பரை மட்டும் விட்டுவைத்தாள். வெட்டியதைக் கஞ்சி போட்டு மடிப்புக் குலையாமல் தேய்த்து, வாங்க வந்த கோல்கீப்பர் கையிலேயே மூட்டையைக் கொடுத்தாள். அவன் இடுப்பில் குழந்தை இருந்தது. பாப்பாவை வீட்டில் விட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். மேட்டுத் தெருவில் மூட்டையைப் பிரித்தார்கள், பள்ளத் தெருவின் வேலை என்று கத்தியை எடுத்தார்கள். அந்தி சாய்வதற்குள் கோல்கீப்பரும், மேட்டுத் தெரு ஆட்டக்காரனான தையல்காரரின் தம்பியும் செத்துப்போனார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. சோறும் இறங்கியது.

அடுத்த வருஷம் ஆட்டத்தை மறுபடி வைத்தார்கள், பழைய பட்டியலையே பார்த்து எழுதி. இருபதாவது நிமிடத்தில் மூன்று பேர் இறங்கினார்கள். நடுவர் மூன்று ஜோடி பூட்ஸையும் தடவிப் பார்த்தார். எல்லைக் கோட்டோரம் கோல்கீப்பரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். லாண்டரிக்காரி பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள்.

“உக்காரும்மா, இன்னும் நேரமிருக்கு. சட்டைய எடுத்துட்டுப் போனா வெந்நீர் ஊத்திடாத, ரத்தம் பிடிச்சுக்கும். பச்சத் தண்ணியில ஊறவை.”

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். மைதானத்தில் எட்டாம் நம்பர் திரும்பி, முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.