வெளியீடு, காலை பத்து மணி

இதனால் சகலமானவர்களுக்கும், இசைக்குச் செவிசாய்த்த ரசிகப் பெருமக்களுக்கும், இனிமேல் பிறக்கவிருக்கும் தலைமுறைகளுக்கும் அறிவிப்பது யாதெனில், என்று நான் எழுதிக்கொடுத்த வாசகம் போஸ்டரின் மேலே தங்க எழுத்தில் வில்லாக வளைந்து நிற்க, அதன் கீழே முட்டை வடிவச் சட்டத்துக்குள் பிலோமினா அக்காவின் முகம், கறுப்பு வெள்ளையில், லேசான சிரிப்போடு, தூரத்தில் தனக்கு வேண்டியவர்கள் யாரையோ பார்த்துவிட்ட மாதிரி, சட்டத்துக்கு அடியில் ஒரு மெழுகுவத்தி, போன் திரையில் அதன் சுடர் மட்டும் அசைகிறது, அப்படி அசைய வைக்க ஃப்ளெக்ஸ் கடை இசக்கிமுத்து தனியாக மெனக்கெட்டான், அதற்கும் அடியில் அவள் பெயர், பெயருக்கு அடியில் தேதி, காலை பத்து மணி, வெளியீடு என்ற சொல்லும் பாட்டின் பெயரும் இருந்தன, இல்லை என்று சொல்லக்கூடாது, ஓரத்தில், மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி போடுகிற அளவில் இருந்தன, பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன், அந்த நேரத்தில் யாராவது என் மண்டையில் ஒன்று போட்டிருந்தால் ஊருக்கு நல்லது செய்திருப்பார்கள்.

அக்கா முப்பது வருஷமாக மேடையில் பாடுகிறவள், பாளையங்கோட்டையைச் சுற்றி எங்கெல்லாம் நாலு பலகையைச் சேர்த்து மேடை என்று சொன்னார்களோ அங்கெல்லாம், அம்மன் கொடை, மாதா கோயில் திருவிழா, பெண்ணுக்குச் சடங்கு, தலைவர் வரும் வரை கூட்டம் கலையாமல் இருக்கக் கட்சிக்காரர்கள் வைக்கும் கச்சேரி, எல்லாம் சினிமாப் பாட்டு, அடுத்தவர்கள் பாடியது, அவளுக்குப் பக்கத்தில் கீபோர்டு வாசித்தவன் நான், இப்போது குழு கலைந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயருக்கு வாசிக்கிறேன், அங்கேயும் யாரும் கேட்பதில்லை, ஆனால் வரிசையாக நிற்கவாவது செய்கிறார்கள், அக்காவை மேடையேறிப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள், அச்சு அசல், கண்ணை மூடிக் கேட்டா அந்தம்மாவே பாடுன மாதிரி இருக்கு, அவள் மைக்குக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, திரைக்குப் பின்னால் வந்து கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, அச்சு அசலாம்லே, அப்பம் நான் எங்கன இருக்கேன், என்று கேட்பாள், சிரித்துக்கொண்டுதான் கேட்பாள், நானும் சிரிப்பேன், ஒரு தடவை சங்கரன்கோவில் பக்கம் ஒரு கொடையில் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை, அல்லது நான் பிற்பாடு அதை அப்படி மாற்றிக்கொண்டேனோ என்னவோ, அந்த விடியலில் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, முகத்துப் பவுடர் வேர்த்து வழிய, இந்தா நான் நாலு வரி எழுதியிருக்கேன், நீ மெட்டுப் போடு, நான் சாவதுக்குள்ள என் பாட்டுன்னு ஒண்ணு நாலு பேரு கேக்கணும், அது போதும், என்றாள், கச்சேரி முடிந்து பாடகி வீட்டுக்குப் போகக் காத்திருக்கும் முதல் பஸ்ஸைப் பற்றிய பாட்டு, பெயரே முதல் பஸ், நானும் மெட்டுப் போட்டேன், போட்டுமுடிக்கப் பல வருஷம் ஆனது வேறு கதை, நாலு பேர் என்று அவள் சொன்னதுதான் முக்கியம், லட்சம் என்று அவள் சொல்லவில்லை, லட்சம் என்பது என் கிறுக்கு.

பாட்டை உண்டாக்குவதில் ஒரு கஷ்டமும் இல்லை ஐயா, உண்டாக்கிய பிறகு ஒவ்வொருத்தர் வீட்டு வாசலிலும் போய், அம்மா தாயே, ஒரு லைக், என்று நிற்பதுதான், சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் முன்னோட்டம் என்று அரை நிமிஷத் துண்டைப் போடுகிறேன், விரலை எடுப்பதற்குள் அருமை என்று வருகிறது, இன்னொருவர் மிக அருமை, என் மச்சினர் ஒரு கட்டைவிரல், இவர்கள் கேட்கிற வேகத்துக்கு ஒளியே பின்தங்கிவிடும் போலிருக்கிறது, கூடவே, இதை எப்படி டவுன்லோடு பண்ணணும் மாப்ள, என்று சித்தப்பா, அவருக்குப் பதில் சொல்வதற்குள் யாரோ வெந்தயத்தின் பயன்களைப் போட்டுவிட்டார்கள், வெந்தயம் ஜெயித்துவிட்டது, பிறகு செல்வின் வருகிறான், வைரல் வழிகாட்டி என்று விசிட்டிங் கார்டிலேயே அடித்து வைத்திருப்பவன், கறுப்புக் கண்ணாடியை உச்சந்தலையில் ஏற்றிக்கொண்டு, சார், ஜனங்க மூணு செகண்டுக்கு மேல நிக்க மாட்டாங்க, அந்த மூணு செகண்டுக்குள்ள அக்கா என்ன பண்ணுவாங்க, என்கிறான், தொண்டையைக் கனைப்பாங்க, என்கிறேன், அவன் அதைக் குறித்துக்கொள்கிறான், முன்னிசை எவ்வளவு சார், நாற்பத்திரண்டு செகண்டுப்பா, பஸ் ஸ்டாண்டு விழிக்கிற சத்தம், டீக்கிளாஸ் கழுவுகிற சத்தம், அப்புறம் மெல்ல ஒரு புல்லாங்குழல், ஐயோ, தூக்கிருங்க சார், அதுல நாப்பது பேரு செத்துருவான், அக்கா ஆடுவாங்களா, கேட்டுக்கொண்டிருந்த அக்கா, முட்டி தேஞ்சு போச்சு தம்பி, நொண்டுறது வைரல் ஆவுமான்னு பாருங்க, என்றாள், அவன் அதையும் ஒரு நிமிஷம் யோசித்தான், நான் முன்னிசையில் ஒரு துளிகூடக் குறைக்க மாட்டேன் என்று நிமிர்ந்து சொன்னேன், கலைஞன் அல்லவா, அன்றிரவோ அதற்கு முந்தின இரவோ ஒரு கனவு, பள்ளிக்கூடப் பிரேயர் நடக்கிறது, நான் கட்டையை அழுத்துகிறேன், ராகம் வரவில்லை, தயவுசெய்து சப்ஸ்கிரைப் செய்யவும் என்று என் குரலே கீபோர்டிலிருந்து வருகிறது, பிள்ளைகள் எல்லோரும் கண்ணை மூடியபடி ஆமென் என்கிறார்கள், ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் கண்ணைத் திறந்து, மூணு செகண்டு தாண்டிட்டு சார், என்கிறார்.

போஸ்டராவது கம்பீரமாக இருக்கட்டும் என்றுதான் இசக்கிமுத்துவிடம் போனேன், அவன் கடையில் இரண்டே வேலை, சந்தோஷ போர்டு, துக்க போர்டு, நான் போய் உட்கார்ந்து, கலர் வேண்டாம்ப்பா, ஆடம்பரமா இருக்கக்கூடாது, பார்த்ததும் மனசு கனக்கணும், என்றேன், சொன்னது நான்தான், அவன் என்னை ஒரு மாதிரி பார்த்து, கிறிஸ்தவங்களா சார், என்று கேட்டான், ஆமாம் என்றேன், ஏன் கேட்கிறான் என்று தோன்றவில்லை, அவன் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தான், அதிலிருந்த யாரோ ஒரு பெரியவரைத் தூக்கிவிட்டு அக்காவை வைத்தான், குத்துவிளக்கை எடுத்துவிட்டு மெழுகுவத்தி, இவ்வளவு பக்குவமாக வேலை செய்கிறானே என்று நான் அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்தேன், எங்கள் ஊரில் பிள்ளைக்குக் காது குத்தினால்கூட ஐம்பது முகம் வண்ணத்தில் வரிசை கட்டி நிற்கும், தாய்மாமன் கூலிங்கிளாஸ் போட்டிருப்பார், ஒற்றை ஆள், கறுப்பு வெள்ளை, கீழே தேதி, நேரம் என்றால் அதற்கு ஒரே பொருள்தான், சின்னக் குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை, அதே படத்தைப் பாட்டின் காணொளிக்கும் வைத்துவிட்டேன், காணொளி முழுக்க அதே முகம், அதே மெழுகுவத்தி, பத்து மணிக்கு வெளியிட்டேன், பத்து ஒன்றுக்கு முதல் கருத்து வருகிறது, ஆழ்ந்த இரங்கல்.

யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அதற்குள் ஆர்.ஐ.பி., ஆர்.ஐ.பி., கூப்பிய கைகள், கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகங்கள், எங்கள் பழைய குழுவின் மேனேஜர் சந்தனராஜ் போனில் கதறுகிறார், ஏலே எப்பம்லே எறந்தா, சுகரா, எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே பாவி, நான் சொல்கிறேன், அண்ணாச்சி அது பாட்டு, பாட்டு வெளியீடு, அவர், பாட்டெல்லாம் பொறவு பாப்போம்லே, எடுக்கறது எத்தன மணிக்கு, பத்துன்னு போட்டிருக்கே, இப்பமே பத்தே கால் ஆயிட்டு, குழு சார்பா மாலை போட வேண்டாமா, என்று வைத்துவிட்டார், நான் வண்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் பறக்கிறேன், எனக்கு முன்னால் அவர் மாலை போய்ச் சேர்ந்திருக்கிறது, ஆளுயரம், சம்பங்கி, பூக்கடைக்காரர் வாசலில் அதைத் தோளில் சுமந்து நிற்க, அக்கா நைட்டியோடு, கையில் தோசைக்கரண்டியோடு, யாருக்குய்யா மாலை, என்று கேட்கிறாள், பிலோமினா அக்காவுக்கும்மா, பிரேதம் உள்ளயா, நான்தான்யா பிரேதம், இப்பிடிக் குத்துக்கல்லு மாதிரி நிக்கேனே தெரியலயா, அவர் கொஞ்ச நேரம் அவளையும் கரண்டியையும் பார்த்துவிட்டு, அப்பம் மாலைய என்னம்மா செய்ய, என்று கேட்டார், அவர் கவலை அவருக்கு, அக்கா வாங்கி, உள்ளே மாதா சுரூபத்துக்குப் போட்டாள், மாதா பாதிக்குமேல் மறைந்துபோனார்.

என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவும் செய்தாள், ஏலே, மெட்டுப் போட இத்தன வருசம் எடுத்தே, என்னையக் கொல்ல ஒரு பத்து மணி போதுமால உனக்கு, பிறகு போனை வாங்கி எண்ணிக்கையைப் பார்த்தாள், அது நாங்கள் பார்க்கப் பார்க்க ஏறுகிறது, ஆட்டோ மீட்டர் மாதிரி, எங்கெங்கிருந்தோ பகிர்கிறார்கள், துபாயிலிருந்து ஒருவர் அழுகிறார், அவள் முகத்தில் ஒரு வெளிச்சம், இத்தன பேரா கேக்குதாவ, என் பாட்டையா, நான், உடனே மறுப்புப் போட்டுருவோம்க்கா, என்கிறேன், அவள், இருலே, இப்பம் சொல்லாண்டாம், ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற வரைக்கும் செத்தே இருக்கேன், கேக்கட்டும், என்றாள், செல்வினும் போனில், சார், எப்படி சார் இந்த ஐடியா, மூணே செகண்டுல புடிச்சிட்டீங்க, அக்காவ ஒரு வாரம் காய்கறி வாங்கக்கூட வெளிய விடாதீங்க, அடுத்த பாட்டுக்கு நீங்க போஸ் குடுங்க, என்று என் சாவுக்கும் தேதி கேட்டான்.

இரண்டு நாள் அவள் கருத்துகளைப் படித்துக்கொண்டே இருந்தாள், நான் அருகில் இருக்கிறேன், அல்லது அவள் சொல்லக் கேட்டதெல்லாம் இருந்து பார்த்ததாக இப்போது படுகிறதா, கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு உரக்கப் படிக்கிறாள், எங்க ஊர்க் கொடையில் அக்கா பாடினது இன்னும் காதில் இருக்கிறது, அச்சு அசல், அடுத்தது, கண்ணை மூடினால் அந்தம்மாவே, அடுத்தது, இந்த ஊரின் நகல் குயில் பறந்தது, நகல் குயில் என்கிற இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள், ஏலே, செத்த பொறவும் அச்சு அசல்தானா, முதல் பஸ்ஸப் பத்தி ஒருத்தருகூடவா பேசல, அவ்வளவு தூரம் கேட்டிருக்க மாட்டாவளோ, எவ்வளவு தூரம் கேக்காவன்னு அதுல தெரியுமா, தெரியும், அதுதான் இந்தச் சனியன்களின் விசேஷம், எங்கே எழுந்து போகிறார்கள் என்று கோடு போட்டுக் காட்டும், நான் காட்டாமலேயே இருந்திருக்கலாம், காட்டினேன், கோடு தொடங்கின இடத்தில் பனைமரம் மாதிரி நிற்கிறது, உடனே கிணற்றில் விழுகிறது, ஒன்பது செகண்டு, பத்து செகண்டு, முகத்தைப் பார்க்கிறார்கள், மெழுகுவத்தியைப் பார்க்கிறார்கள், ஆர்.ஐ.பி. எழுதுகிறார்கள், போய்விடுகிறார்கள், என் புல்லாங்குழல்கூட இன்னும் வந்திருக்காது, அவள் மெதுவாகக் கேட்டாள், நான் பாட ஆரம்பிக்கது எப்பம், நாற்பத்திரண்டுலக்கா, அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள், அந்த முன்னிசையை நான் எவ்வளவு உயிரைக் கொடுத்துச் செய்தேன் என்று விளக்க வாயெடுத்தேன், நல்லவேளை, மூன்று செகண்டிலேயே நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் கேட்கவில்லை, பட்டுச்சேலையோடு சமையற்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, போனை அரிசி டப்பாமேல் சாய்த்து, தானே நேரலையில் வந்துவிட்டாள், நான் என் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து பார்க்கிறேன், அதே முகம், வண்ணத்தில், சட்டம் இல்லை, மூக்கின்மேல் வேர்வை, பின்னால் மிக்ஸி, நூற்றுக்கணக்கானவர்கள் ஓடி வருகிறார்கள், பழைய வீடியோ, கண் கலங்குது, மறைந்தும் மறையாத குரல் என்றெல்லாம் எழுதுகிறார்கள், அவள் இன்னும் வாயே திறக்கவில்லை, ஒருவர், உறுதி செய்யாமல் பகிராதீர்கள், என்று பொறுப்பாக எழுதுகிறார், அப்போது அவள் சொல்கிறாள், எல்லாருக்கும் வணக்கம், நான் சாவல, நல்லாத்தான் இருக்கேன், முட்டிவலிதான், இப்பம் என் சொந்தப் பாட்டு ஒண்ணு பாடப் போறேன், இருந்து கேட்டுட்டுப் போங்க, அவ்வளவுதான், மூலையில் உள்ள எண் இறங்க ஆரம்பிக்கிறது, அவள் உயிரோடு இருப்பது தெரியத் தெரிய ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள், ஒருவர், ஏமாத்து வேலை, என்று எழுதிவிட்டுப் போகிறார், சந்தனராஜ் அண்ணாச்சி, மாலை விஷயமாப் பேசணும், என்று எழுதிவிட்டுப் போகிறார், அவள் எண்ணைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிப் பாடுகிறாள், முன்னிசை இல்லை, புல்லாங்குழல் இல்லை, கண்டக்டர் தூங்குகிறார், ஜன்னல் ஓரம் எனக்காகக் காலியாக இருக்கிறது என்கிற வரியில் குரல் சற்றே கரகரக்கிறது, எந்தப் பாடகியின் சாயலும் இல்லை, முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த எனக்கு இது யார் குரல் என்றே தெரியவில்லை, பக்கத்து வீட்டுக் குக்கர் நடுவில் விசிலடிக்கிறது, அதையும் தாண்டி அவள் போகிறாள், நான் கட்டைகளைத் தேடி மடியில் விரலை அழுத்திக்கொண்டிருக்கிறேன், பாட்டு முடிகிறது, அவள் கண்ணைத் திறந்து, குனிந்து, மூலையில் இருக்கும் எண்ணைப் பார்க்கிறாள், ரெண்டு பேரு கடைசி வரைக்கும் இருந்திருக்காவ போலுக்கே, என்று சிரிக்கிறாள், மேடையில் ஒருநாளும் நான் பார்க்காத சிரிப்பு, யாருன்னு தெரியல, நல்லா இருங்க மக்கா, என் பாட்ட முழுசாக் கேட்டுட்டிய.

ஒன்று என் போன், இன்னொன்று எண்ணிக்கை கூடட்டும் என்று நான் திறந்து வைத்திருந்த என் மனைவியின் போன்.