குடியை விட்ட மூன்றாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்வின் ஸ்ப்ரோல் வீட்டில் மிச்சமிருந்த காபி பிராந்தி ஐந்து புட்டியையும் சமையலறைத் தொட்டியில் கொட்டினான். அதைப் பாலில் கலந்து காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை விடமாட்டான். அமெரிக்காவின் மெய்ன் கடற்கரையில் அது பலருக்கும் பானம். எல்வினுக்குச் சாப்பாடும் அதுதான். கொட்டியதைப் பார்த்து மெச்சவோ கிண்டலடிக்கவோ வீட்டில் ஆள் இல்லை. மனைவி விட்டுப் போய்ப் பல வருடம் ஆகிறது.

மகள் தியா போன வாரம் போனில் பேசியிருந்தாள். பேரன் பிறந்து நாலு மாதம். எல்வின் இன்னும் முகம் பார்க்கவில்லை. "அப்பா, உங்கள நல்லவரா மாறச் சொல்லல," என்றாள். "குழந்தைய வாங்கும்போது கை நடுங்காம இருந்தா போதும். தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வரோம். குடிச்சிருந்தீங்கன்னா வாசல்லயே திரும்பிடுவோம்." இருப்பது அடுத்த வாரம் வியாழன் வரைதான்.

யாரிடமும் கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டான். அந்த ஊரில் எல்லாரும் எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வார்கள், பல்வலியிலிருந்து விவாகரத்து வரை. ஞாயிறு போய்த் திங்கள் முழுக்க வாந்தியும் வியர்வையும். டம்ளரைத் தூக்கினால் பாதித் தண்ணீர் தரையில். குழந்தையைத் தூக்கும் அழகு இதுவா என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ரேடியோவில் பேச்சுக் கேட்க ஆரம்பித்தது.

சிங்கி இறால் பிடிக்கிறவர்களின் ரேடியோ அது. படகில் ஒன்று, வீட்டுச் சமையலறையில் ஒன்று, விடிந்தது முதல் எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். காற்று எப்படி, கூண்டில் வைக்கும் இரை என்ன விலை, எவன் மனைவி எவனைத் திட்டினாள், எல்லாம் அதில் வரும். தனக்கு ஒரு கஷ்டம் என்று மட்டும் யாரும் அதில் வாய் திறக்கமாட்டார்கள். ஊரே கேட்கும் என்பதால்தான்.

அதில் மெர்ட்டனின் குரல் கேட்டது. கூடவே இன்னும் மூன்று பேர். எல்வின் இந்தக் குளிரைத் தாண்டமாட்டான் என்றார்கள். அவன் கூண்டுகளை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவன் பொண்ணே அவனைத் திரும்பிப் பார்க்கிறதில்லை என்று ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். மெர்ட்டனுக்கும் இவனுக்கும் கூண்டு போடும் இடத்தில் தகராறு வந்து, பேச்சு வார்த்தை நின்று ஒன்பது வருடம். எல்வின் மைக்கைப் பிடுங்கி வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒருவரும் பதில் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு வாயைத் திறக்குமா என்று நினைத்துக்கொண்டான். ஊரிலோ, எல்வின் மறுபடி ஏற்றிக்கொண்டுவிட்டான் என்று சொல்லி ஒவ்வொரு சமையலறையிலும் சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். நல்ல ஜனங்கள்தான், அடுத்தவன் விஷயத்தில் தலையிடுவதில்லை என்பதைப் பெரிய மரியாதையாக வைத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை விடிந்ததும் எல்வின் படகை எடுத்தான். மெர்ட்டனின் கூண்டுகளை அறுக்கப் போவதாக ரேடியோவில் பச்சையாகச் சொல்லிவிட்டே கிளம்பினான். மிதவையின் கயிற்றை அறுத்துவிட்டால் கூண்டு அடியிலேயே கிடக்கும். போட்டவனால் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கடலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. அறுத்தவனிடம் எந்தத் துறையிலும் இறால் வாங்கமாட்டார்கள். சில சமயம் படகு எரியும்.

பாறைத்திட்டுக்குப் பின்னால் பனிமூட்டத்தில் மெர்ட்டனின் மஞ்சளும் கறுப்புமான மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. கொக்கிக் கழியால் ஒன்றை இழுத்துப் படகில் போட்டான். கத்தியைக் கயிற்றில் வைத்தான். "அறுடா பார்க்கலாம்," என்றது மெர்ட்டனின் குரல். "அதுக்கும் உனக்குத் துப்பு கிடையாது." மற்றவர்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு அப்புறம் அறுப்போம் என்று கையை நீட்டி ரேடியோவை அணைத்தான்.

சிரிப்பு நிற்கவில்லை.

ரேடியோவின் குமிழை இன்னொரு தடவை திருகிப் பார்த்தான். விளக்கு அணைந்துதான் இருந்தது. பின்னால் கையை விட்டு மின் கம்பியையே பிடுங்கினான். "பிடுங்கிட்டான்டா," என்றான் ஒருவன்.

எல்வின் இரைப்பெட்டியின் மேல் உட்கார்ந்தான். முட்டாள் இல்லை அவன், விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் பயம்தான் முதலில் வரவேண்டும். அவனுக்கு வந்தது வேறு. இரண்டு நாளாக நாலு பேர் உட்கார்ந்து அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் சாவைப் பற்றி, அவன் மகளைப் பற்றி, அவன் கூண்டுகளைப் பற்றி. அது பொய் என்றால், அவனைப் பற்றி யாருமே பேசவில்லை. ஏசக்கூட ஒருவரும் இல்லை. அவன் அழுதான். கேட்பதற்கு யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதான்.

பிறகு கம்பியைச் சொருகினான். குமிழைத் திருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். இப்போது கேட்கவேண்டியதைக் கேட்டால் ஊர் முழுக்கக் கேட்கும். கேட்காவிட்டால் கத்தி பக்கத்திலேயே இருக்கிறது, குரல்களும் இருக்கின்றன.

"எல்வின் பேசறேன்," என்றான். "காலையிலேர்ந்து இதுல யாராவது பேசினீங்களா? எனக்குத் தெரியணும்."

மைக்கின் பொத்தானை விட்டான்.

"யாரும் பேசலடா," என்றது மெர்ட்டனின் குரல். "நேத்திலேர்ந்து நீ ஒருத்தன்தான் கத்திட்டிருக்கே. நாங்க வாயே திறக்கல. நீ எப்ப கடைசியா குடிச்சே?"

இதுவும் அந்தக் கும்பலில் ஒன்றாக இருக்கலாம் என்று எல்வின் நினைத்தான். பக்கத்தில் வேறு மூன்று பேர் விடாமல் ஏசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் யாரும் இவன் வாயைத் திறக்கக் காத்திருந்ததில்லை. இந்தக் குரல் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழம," என்றான்.

"தனியா நிறுத்தினியா? டாக்டரப் பாக்காமலா?" மெர்ட்டன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். "திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் இல்லாத பேச்செல்லாம் கேக்கும். என் தம்பி அப்படி நிறுத்தித்தான் போனான். நாலாம் நாள் வலிப்பு வந்து. இஞ்சின அணைச்சுடு. எங்கயும் போகாத. நான் வரேன்."

இறால் வாங்கும் கொட்டகையிலிருந்து லூரீன் ரேடியோவில் குறுக்கே வந்தாள். இருபது வருடமாக அவன் இறாலை நிறுத்துப் போடுகிறவள். ஆம்புலன்ஸைத் துறைக்கு வரச்சொல்வதாகச் சொன்னாள். வேறு யாருக்காவது சொல்லவேண்டுமா என்று கேட்டாள்.

தியாவுக்குச் சொன்னால் அடுத்த வியாழன் அவள் வருவது நின்றுவிடும். அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்றால் அவள் என்ன நினைப்பாள் என்று அவனுக்குத் தெரியாதா? சொல்லாவிட்டால் ஒரு பொய்யைத் தயார் செய்துகொள்ளலாம். பொய்யில் அவன் கை நடுங்கியதே இல்லை.

"என் பொண்ணுக்குச் சொல்லு," என்றான் கடைசியில். "நம்பர் என் ஷெட்டுக் கதவுல எழுதியிருக்கும். குடிச்சதால ஆஸ்பத்திரிக்குப் போகல, நிறுத்தினதால போறேன்னு சொல்லு. அவ நம்பமாட்டா. இருந்தாலும் சொல்லு."

"நான் நம்பறேன்," என்றாள் லூரீன். "நான் சொல்ற விதத்துல சொல்லிக்கறேன்."

கால் மணி நேரத்தில் மெர்ட்டனின் படகு பனியிலிருந்து வெளியே வந்து பக்கத்தில் ஒட்டியது. மெர்ட்டன் குனிந்து பார்த்தான். அவனுடைய மஞ்சள் கறுப்பு மிதவை எல்வினின் காலடியில் கிடந்தது, கத்தி கயிற்றின் மேல்.

"அறுக்கத்தான் வந்தேன்," என்றான் எல்வின்.

"ஊருக்கே சொல்லிட்டுத்தான வந்தே."

"இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தே?"

"நீ ரேடியோல கேக்கறதுக்கு முன்னாடியே பாதி தூரம் வந்துட்டேன்," என்றான் மெர்ட்டன். "அப்ப துப்பாக்கியோட வந்திட்டிருந்தேன்." தன் படகில் சாய்த்து வைத்திருந்ததைத் தலையாலேயே காட்டினான். பிறகு எல்வினின் படகுக்குத் தாவி, மிதவையை எடுத்துத் தண்ணீரில் போட்டான். தன் படகைப் பின்னால் கட்டிவிட்டு, எல்வினின் சுக்கானைத் தானே பிடித்துக்கொண்டான்.

துறைக்கு இருபது நிமிடம். எல்வின் தரையில் உட்கார்ந்து, மெர்ட்டனின் கால்சட்டையை ஒரு கையால் பிடித்திருந்தான். குரல்கள் ஓயவில்லை. ஒவ்வொன்று கேட்கும்போதும் தலையைத் தூக்கி, "நீ இப்ப ஏதாவது சொன்னியா?" என்று கேட்டான். ஒன்பது வருடம் அவனிடம் ஒரு வார்த்தை பேசாத மெர்ட்டன், துறை வரும்வரை சலிக்காமல், ஒவ்வொரு தடவையும் குனிந்து அவன் முகத்தைப் பார்த்து, "இல்லடா, நான் பேசல," என்று சொல்லிக்கொண்டே வந்தான்.