திருவிருந்தில் கடைசி ஆள்

எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சை ரசத்துக்கு ஒரே பாத்திரம். எல்லாரும் அதில்தான் வாய் வைத்துக் குடிக்க வேண்டும். பத்து மாதமாக நான் குடிக்கவில்லை. இருமினால் ரத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி இல்லாவிட்டாலும் டி.பி. மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அதைப் போதகர் தேவநேசனிடம் நானே போய்ச் சொன்னேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான்.

"நீங்க அப்பம் மட்டும் எடுத்துக்கிடுங்க ஹெலன். கடைசியா வாங்க," என்றார்.

எல்லாரும் எனக்காக ஜெபித்தார்கள், தள்ளி உட்கார்ந்துகொண்டு. போதகரின் மனைவி லூசி அக்கா வாராவாரம் ஜெபக் குறிப்பில் என் பெயரை வாசிப்பார். என் பெஞ்சுப் பக்கம் மட்டும் வரமாட்டார். கரோல் பாக்கில் இருந்த என் வாடகை அறைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. டெல்லியில் எனக்கென்று இருந்தது அந்தச் சபைதான். பல ஞாயிறுகள் அழுதிருக்கிறேன்.

ஆறு மாத மாத்திரை முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. புது டாக்டரம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: ரத்தம் வரும் நாளும் மாதவிடாய் நாளும் ஒன்றா? எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷ நர்ஸ் நான். ஒவ்வொரு பெண் நோயாளியிடமும் அந்தத் தேதியைக் கேட்டு எழுதுகிறவள், என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கருப்பைக்குள் இருக்கிற மாதிரியான சவ்வு நுரையீரலிலும் ஒட்டி வளர்ந்து, மாதாமாதம் அங்கேயும் ரத்தம் கசிகிறதாம். தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை, அடங்காவிட்டால் ஆபரேஷன். மூன்று மாதமாக ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

ரத்தம் நின்றதை மட்டும் சொன்னதும் போதகருக்கு ஒரே சந்தோஷம். "டி.பி. குணமானதுக்கு ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லிருங்க. பாத்திரத்துக்கும் வந்திரலாம்."

ஒரு பொய் சொன்னால் போதும், என் இடம் திரும்பக் கிடைத்துவிடும். ஞாயிறன்று எழுந்து நின்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்கு டி.பி. வரவே இல்ல. மாசாமாசம் வர்ற ரத்தம்தான் நெஞ்சுல இருந்தும் வந்துச்சு. தீட்டுன்னு நினைக்கிறவங்க நினைச்சுக்கிடுங்க. இப்ப மருந்து சாப்பிடுதேன்."

ஆண்கள் வேதாகமத்தைப் புரட்டினார்கள்.

வழக்கம்போலக் கடைசியாகப் போய் முழங்காலிட்டேன். இரு பக்கமும் காலி. டி.பி.க்காவது ஜெபித்தார்களே என்றிருந்தது. போதகர் பாத்திரத்தை நீட்டினார். குடித்தேன்.

பக்கத்தில் யாரோ வந்து முழங்காலிட்டார்கள். லூசி அக்கா. நான் வாய் வைத்த பாத்திரத்திலேயே குடித்தார். போதகர் பீடத்தின் பக்கம் திரும்பியதும், தலை நிமிராமல் கேட்டார்.

"சின்னவன ஆபரேஷன் பண்ணி எடுத்த தழும்பு, அந்த நாள்லதான் எனக்கு வீங்கி ரத்தம் கசியுது. பன்னெண்டு வருசமா. அவுகளுக்கே தெரியாது. அது எந்த டாக்டர் ஹெலன்?"