தேதி கேட்கும் இயந்திரம்

1

நான் சொன்னால்தான் இதற்கு இன்றைக்கு என்ன தேதி என்று தெரியும். நான் வராவிட்டால் இது எண்பதாம் வருடம் ஜனவரி ஒன்றாம் தேதியிலேயே உட்கார்ந்திருக்கும், பாவம்.

என் கதையில் வரும் செல்வமேரி இப்படி நினைத்துக்கொள்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கேட்க அந்த அறையில் யாரும் இல்லை.

இந்த நினைப்பு, அவளை எழுதுகிற நான் யோசித்துக் கண்டுபிடித்தது இல்லை. போன ஆடியில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷன் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் சிநேகிதியிடம் சொன்னாள்:

“காலைல ஸ்விட்ச்சப் போட்டதும் அது எங்கிட்டதான்டி தேதி கேக்கும். வீட்டுல கூட ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்குறதில்ல.”

சிநேகிதி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்திரம் ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள் மெயின்கார்டுகேட் வரை போய்விட்டேன். கதை அங்கே தொடங்கியது. அல்லது அங்கே என்னைப் பிடித்துக்கொண்டது.

2

அந்தப் பெண்ணின் பெயர் டோரதி. ஏதோ ஒரு கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கிறவள். அடுத்தடுத்த நாட்களில் அதே பஸ்ஸில் இடம் பிடித்து அவளிடம் பேச்சுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரை நான் படத்தில் பார்த்ததோடு சரி.

“டிவி மாதிரி இருக்கும்க்கா. கருப்புத் திரை, பச்சை எழுத்து. நாம ஒரு சொல்லு அடிச்சா அது ஒரு பதில் சொல்லும். நாம கேக்காம அதுவா எதுவும் பேசாது. காலைல தேதி கேக்குறத தவிர.”

“எப்படிக் கேக்கும்?”

“இன்னைக்கு 1980 ஜனவரி ஒண்ணு, செவ்வாய்க்கிழமை, புதுத் தேதிய அடிங்கன்னு வரும். உள்ள கடிகாரம் கெடையாதுல்ல? அணைச்சா மறந்துடும்.”

“தப்பாச் சொன்னா?”

“ரெண்டாயிரம்னு போட்டாலும் நம்பிடும். அதென்ன, சுவத்துல காலண்டரா மாட்டி வெச்சிருக்கு?”

“தன்னப் பத்தி ஏதாவது சொல்லுமா?”

“கேட்டா சொல்லும். செக்டிஸ்க்னு அடிக்கணும். மொத்தம் எவ்வளவு இடம், எவ்வளவு நெறஞ்சிருக்கு, எவ்வளவு மிச்சம், ஞாபகத்துக்கு எவ்வளவு, எல்லாத்தையும் வரிவரியா எழுதிக் காட்டிடும். அதுக்கு ஒளிக்கத் தெரியாது.” கொஞ்சம் நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னக்கா, என்னைய வெச்சுக் கதை எழுதப் போறீங்களா? எழுதுனா நல்ல பொடவையா கட்டி விடுங்க.”

(டோரதியை வைத்து எழுதவில்லை. அவளுடைய ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதைப் படித்தால் அவள் நம்பமாட்டாள்.)

3

தொடக்கங்கள்:

“காட்டூரிலிருந்து துவாக்குடி போகும் கம்பெனி வேனின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த செல்வமேரிக்கு இருபத்திரண்டு வயது. காற்றில் அவள் கூந்தல்—”

விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வயதுக்காரியிடம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள்.

“செல்வமேரிக்கு முப்பத்துநான்கு வயது. அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதற்குக் காரணம்—”

இதையும் விட்டேன். காரணம் சொன்னால் நீங்கள் இரக்கப்படுவீர்கள். இரக்கப்பட்டுவிட்டால் பிறகு அவள் எதைச் செய்தாலும் மன்னித்துவிடுவீர்கள். அது எனக்கு வேண்டாம்.

ஆகவே காரணம் இல்லாமல் முப்பத்துநான்கு வயது. அண்ணன் குடும்பத்தோடு காட்டூரில் இருக்கிறாள். இரவில் எல்லாருக்கும் அவள்தான் பரிமாறுவாள். பரிமாறுகிறவளை யாரும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. பெரிய தொழிற்சாலைக்கு இரும்புச் சாமான் செய்துகொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் பல வருடமாக டைப்பிஸ்ட். கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியபோது, “டைப்படிக்கத் தெரிஞ்ச பொண்ணுதானே, கத்துக்கிடும்” என்று மேனேஜர் அவளைப் பயிற்சிக்கு அனுப்பினார். உனக்கு விருப்பமா என்று அவரும் கேட்கவில்லை.

4

தாயுமானவன் வருகிறான்.

(அவனை எழுதும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம். ஜீயபுரத்து வாழைத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பையன், வேலைத் திட்டப் பிரிவில் பட்டறைக்கு அளவுப் பட்டியல் போடுகிறவன், நெற்றியில் திருநீறு, நல்ல குரல். இவ்வளவுதான் தெரியும். இவன் அவளை விரும்புகிறானா என்று எனக்கே தெரியாது. தெரிந்ததுபோல எழுதினால் பொய்.)

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. தூசி ஆகாது என்று விற்றவர்கள் சொல்லிப் போனார்கள். ஆனால் கம்பெனியில் எல்லாரும் கோயிலுக்குள் போகிற முகத்தோடுதான் கழற்றுகிறார்கள். மேனேஜர் ஒரு நாள் கும்பிட்டுக்கொண்டே நுழைந்ததாகவும் பேச்சு. கதவுக்கு வெளியே செல்வமேரியின் செருப்பு. சிறிது நேரத்தில் அதன் பக்கத்தில் அவனுடையது.

“இன்னைக்கு எவ்வளவுங்க மேடம் மிச்சம்?”

தினமும் இதைத்தான் கேட்பான். அவள் செக்டிஸ்க் என்று அடிப்பாள். உள்ளே ஏதோ உருண்டு உருண்டு எண்ணத் தொடங்கும். எண்ணி முடிக்கும்வரை அவன் நாற்காலிக்குப் பின்னால் நிற்பான். எண்கள் வந்ததும் கணக்கு வாத்தியார் மாதிரி உரக்க வாசிப்பான்.*

“நேத்தைக்கு விடக் கொறைஞ்சிருச்சே.”

“நேத்து உங்க அளவுப் பட்டியல்தான் ரெண்டு ஏத்துனேன்.”

“அப்ப நான்தான் எடத்த அடைச்சுக்கிட்டிருக்கேனா?”

அவள் அடுத்த தாளை எடுத்து அடிக்கத் தொடங்கினாள். சாயங்காலம் வேன் காட்டூரை நெருங்கும்போது திடீரென்று சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

கம்ப்யூட்டர் அறையின் ஏசிக்காகத்தான் அவன் வருகிறான் என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளும் மனதுக்குள் அதை அடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவள்தான். கேட்டால் தன் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஒன்றின் முன்னால் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் யாராவது கேட்டால் அவளும் சொல்லிவிடுவாள். எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று.

* செக்டிஸ்க்கைத் தினமும் போடத் தேவையில்லையாம். “வாரத்துக்கு ஒரு தரம் போதும்க்கா. தெனம் போடுறவ வேல இல்லாதவ” என்றாள் டோரதி. அதைக் கேட்ட பிறகுதான் செல்வமேரி தினமும் போடுவாள் என்று முடிவு செய்தேன்.

5

இந்த இடத்தில் கதையில் எதுவும் நடக்கவில்லை. ஒருத்தி ஏங்குகிறாள், ஒருவன் எண் வாசிக்கிறான். இப்படியே விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தேன். முடியவில்லை. ஏக்கத்துக்கு ஒரு விலை சொல்லப்பட்டால்தான் அது எவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியும்.

ஆகவே ஒரு தவறு. என்னால் முடிந்தவரை எளிதாகச் சொல்கிறேன்.

குழாய்களை இணைக்கிற இரும்பு வளையங்களில் துளை போட வேண்டும். துளைகளுக்கு நடுவே இருக்க வேண்டிய தூரத்தை வாங்குகிறவர்கள் மாற்றினார்கள். புதிய அளவு தாயுமானவன் கைக்கு வந்தது. அவன் அதை உடனே செல்வமேரியிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி, அச்சுப் பிரதியைப் பட்டறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். மறந்துவிட்டான். செப்டம்பர் பத்தாம் தேதி, துளை போடும் அற்புதசாமி பழைய அளவிலேயே எல்லா வளையங்களையும் முடித்துவிட்டார். பன்னிரண்டாம் தேதிதான் தாயுமானவன் புதிய பட்டியலைக் கொண்டுவந்து, “சும்மா பதிவுக்கு ஏத்தி வைங்க மேடம்” என்றான். ஏற்றினாள். ஒரு லாரி இரும்பு வீணானது அவளுக்கு அப்போது தெரியாது.

பட்டியலைத் தான் முன்பே அனுப்பிவிட்டதாகவும், அற்புதசாமி பார்க்காமல் வேலை செய்துவிட்டதாகவும் அவன் மேனேஜரிடம் சொல்லியிருக்கிறான். பட்டியல் வரவே இல்லை என்கிறார் அற்புதசாமி.

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்றீங்க. மெஷினக் கேட்டுடலாம்யா” என்றார் மேனேஜர். “அது பொய் சொல்லாது.”

பதினைந்தாம் தேதி காலையில் கம்ப்யூட்டரிலிருக்கும் பட்டியல்களின் பெயரும் அவை ஏற்றப்பட்ட தேதியும் அச்சாகி அவர் மேசைக்கு வர வேண்டும். புதிய பட்டியல் பத்தாம் தேதிக்கு முன்பே ஏறியிருந்தால் அற்புதசாமிமீது தவறு, பிறகென்றால் தாயுமானவன்மீது. யார்மீது தவறோ அவருக்கு வேலை இல்லை.

(அற்புதசாமிக்கு முதலில் வயதுக்கு வந்த பெண்களையும் ஆஸ்துமா உள்ள மனைவியையும் கொடுத்திருந்தேன். தராசில் கையை வைத்து அழுத்துகிற வேலை அது. எல்லாரையும் எடுத்துவிட்டேன். இப்போது அவர் தனியாள், கொஞ்சம் முன்கோபி, செல்வமேரியிடம் ஒரு நாளும் நின்று பேசியதில்லை. அவள் அவருக்காக எதுவும் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.)

6

பதினான்காம் தேதி மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது அவன் வந்தான். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டான். இதை நான் திட்டமிடவில்லை. எழுதி முடித்துப் படித்தபோதுதான் அவன் காலைப் பார்த்தேன்.

“செல்வமேரி.”

இதுவரை மேடம்தான். அவள் டிபன் டப்பாவை மூடினாள்.

“ஒரே ஒரு உதவி. உங்களால மட்டுந்தான் முடியும்.”

“சொல்லுங்க.”

“நாளைக்குக் காலைல அது தேதி கேக்குமில்ல? ஒம்பதுன்னு குடுங்க. அந்தப் பட்டியலத் தெறந்து ஒரு தரம் திரும்பப் பதிஞ்சிட்டா ஒம்பதாந்தேதின்னு விழுந்துடும். அப்புறம் மெஷின அணைச்சிட்டுச் சரியான தேதியப் போட்டுக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

“அற்புதசாமி அண்ணன்?”

“அவரு கையில தொழில் இருக்குங்க. எங்க போனாலும் பொழைச்சுக்குவாரு. எனக்கு இந்த மாசந்தான் வேலைய நிரந்தரம் பண்றாங்க.” குரல் இறங்கியது. “இது முடியட்டும். அப்புறம் உங்ககிட்டப் பேசணும். ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டிருக்கேன்.”

இந்தக் கடைசி வாக்கியத்தை அவன் உண்மையாகச் சொன்னானா, தேவைக்காகச் சொன்னானா? எழுதியவள் நான். எனக்குத் தெரியவில்லை. செல்வமேரிக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி ஒன்பது என்று அடிப்பதுதான்.

அவன் போன பிறகு அவள் உட்கார்ந்தே இருந்தாள். என்னிடம் ஒருவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தாள். கேட்டது இதுவா என்று அதற்கடுத்து நினைத்தாள். இரண்டு நினைப்புக்கும் நடுவில் ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நான் அவளிடமிருந்து பறிக்கப் போவதில்லை.

7

முடிவுகள்.

அ. ஒன்பது என்று அடிக்கிறாள். அற்புதசாமி போகிறார். தாயுமானவன் சொன்னபடி பேசுகிறான். இரு வீட்டு எதிர்ப்பையும் மீறிக் கல்யாணம் நடக்கிறது. ஒவ்வொரு காலையும் காபி குடித்துக்கொண்டே அவன் ஏதாவது சொல்வான், அவள் அது எந்தத் தேதியிட்ட உண்மை என்று— இதை வெகுதூரம் எழுதினேன். நன்றாகவும் வந்தது. கிழித்துவிட்டேன்.

ஆ. மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். இதை டோரதியிடம் சொன்னபோது, “போங்கக்கா, சினிமாக்காரி மாதிரி” என்றாள்.

இ. அன்று காலை கரண்ட் இல்லை. திருச்சியில் இதை எல்லாரும் நம்புவார்கள். எழுதுகிறவளின் கோழைத்தனம் என்றும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

“நீயா இருந்தா என்ன பண்ணுவ?” என்று டோரதியிடம் கேட்டேன். பஸ் காவிரிப் பாலத்தில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது.

“அந்த ஆளு பாக்க நல்லாருப்பாரா?”

“நல்லாத்தான் இருப்பார்.”

“கொரலு?”

“அதுவும்.”

“அப்பக் கஷ்டந்தான்க்கா” என்று சொல்லிவிட்டு, பாலம் முடியும்வரை அவள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தாயுமானவனின் வேலை என்ன ஆனது, நாற்காலிக்குப் பின்னால் மறுபடியும் யாராவது வந்து நின்றார்களா, நின்றால் அது அவனா என்பதையெல்லாம் உங்களிடம் விடுகிறேன். நீங்கள் என்னைவிட இரக்கமுள்ளவர்களாக இருக்கலாம். எனக்குத் தெரிந்தது அந்தக் காலையில் அவள் கை அசைந்து முடிகிற வரைக்கும்தான்.

8

பதினைந்தாம் தேதி காலை ஸ்விட்ச்சைப் போட்டாள். மெஷினுக்குள் காற்றாடி சுழன்றது. இருண்ட திரையில் பச்சை எழுத்து வந்தது. 1980, ஜனவரி ஒன்று, செவ்வாய்க்கிழமை. புதுத் தேதி?

தாயுமானவன் பின்னால் நின்றான். இன்றைக்கு வழக்கத்தைவிட நெருக்கமாக. அவனுடைய சட்டையின் சோப்பு வாசனை அவளுக்குத் தெரிந்தது.

“ஒம்பது” என்றான் மெதுவாக.

(நானும்தான் சொன்னேன். அடித்துவிடு செல்வமேரி. கிழித்த பக்கங்களை மறுபடி எழுதித் தருகிறேன். எனக்கும் அவன் இங்கே நிற்பது வேண்டியிருக்கிறது.)

அவள் ஒன்பதை அடித்தாள். அவன் மூச்சை விட்டான்.

ஆனால் அந்த இயந்திரம் மாதத்தைத்தான் முதலில் கேட்கும். செப்டம்பருக்கும் ஒன்பதுதான். மாதத்துக்கும் தேதிக்கும் நடுவே வரும் சிறு கோட்டை அடித்தாள். விரல் எண்களின் வரிசைமேல் கொஞ்சம் நின்றது. பிறகு ஒன்று. பிறகு ஐந்து.

“செல்வமேரி, தப்பா அடிக்கிறீங்க.”

“இல்லீங்க” என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல்.