ஒரே வயலுக்கு இரண்டு வாக்கு

ஜெயசிங் சபைக் கோயில் பெஞ்சில் சாய்ந்து உட்காருவதில்லை. அறுபத்தெட்டு வயதிலும் ஆராதனை முடியும்வரை அவர் முதுகு பலகையில் படாது. அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாயத் தோன்றியது. முன்வரிசையில் வெளிநாட்டு விருந்தாளிகள் இரண்டு பேர் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு நேர் பின்னால் வருங்காலச் சம்பந்தி ஞானசிகாமணி செருமிக்கொண்டிருந்தார். அந்த இரண்டு தரப்புக்கும் ஜெயசிங் வாக்குக் கொடுத்திருந்தார். கொடுத்தது ஒரே வயலை.

முதல் வாக்கு சித்திரையில். மகள் ஜோஸ்னாவைப் பெண் கேட்டுக் காட்டாக்கடையிலிருந்து வந்த ஞானசிகாமணி, காப்பியை ஆற்றியபடி, "பிள்ளைகளுக்கு வீடு வைக்க ஒரு துண்டு பூமி போரும்" என்றார். "ஏலாவில கெடக்க வயல் அவளுக்காக்கும். மண்ணு போட்டு நிரத்திக்கிடலாம்" என்று அந்த மூச்சிலேயே சொல்லிவிட்டார் ஜெயசிங்.

இரண்டாம் வாக்கு போன மாதம், சபைப் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில். நீர்நிலைகளைக் காக்கிற சங்கம் ஒன்று வந்திருந்தது. மூன்று நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்துவது. பாறசாலைக்கு மேற்கே உள்ள ஏலாவில், அந்தத் தாழ்ந்த வயல்வெளியின் தண்ணீரில், காலில் வளையம் மாட்டிய உள்ளான் குருவி ஒன்று கிடைத்திருந்தது. வளையம் மாட்டியது ருஷ்யாவில். அங்கே சதுப்பில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வரும் குருவி அது. ஒரு முனையை மட்டும் காத்து என்ன பயன் என்றார்கள். லிதியா என்ற ருஷ்யப் பெண் ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். அவளுடைய அப்பா தன் சதுப்பின் கரையில் வாக்குக்கு அடையாளமாக ஒரு மரக்குற்றியை அறைந்து, அதன்மேல் கைவைத்து விறைப்பாக நின்றிருந்தார். வடியவிட்டால் மாட்டுக்குப் புல் விளையும் நிலமாம். வேண்டாமென்று விட்டுவிட்டாராம்.

"மறுபக்கத்தில வாக்குக் குடுக்க ஆளுண்டான்னு அவளுக்க அப்பா கேட்டாராம்" என்று மொழிபெயர்த்தான் கல்லூரி ஆசிரியன் ஜாய். கூட்டம் முழுவதும் ஜெயசிங்கைப் பார்த்தது. ஏலாவின் நடுவயல் அவருடையது.

"உண்டு" என்றார்.

வயலை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று சொல்லியிருக்கலாம். அப்படியானால் வேறொரு வயலைக் கொடுங்கள் என்பார்கள். வேறு இல்லை. கிழக்கே கிடந்ததெல்லாம் மூத்த மகனின் நோயோடு போய்விட்டது, அவனும் போய்விட்டான். நிலம் போனது ஊருக்குத் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தக் குடும்பத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அது கையாலாகாதவன் பேச்சு என்பார் அவருடைய அப்பா.

போதகர் ஜோஸ்னாவின் கல்யாண ஓலையை மூன்றாம் முறையாக வாசித்தார். "தடை ஏதாவது அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம்." யாரும் சொல்லவில்லை. உடனே அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "ஆராதனை முடிந்ததும் எல்லாரும் ஏலாவுக்கு வரணும். நம்ம ஜெயசிங் ஐயா தன் வயலில் குற்றி அறைகிறார். இனி அங்கே ஒருபிடி மண் விழாது." கைதட்டல் எழுந்தது. பின்னால் செருமல் நின்றது.

வாசலில் மனைவி சரோஜம் அவர் முழங்கையைப் பிடித்தாள். "கிழக்க ஒரு வயல் உண்டும்னு சொல்லுங்க. இன்னைக்கு ஒரு நாள் கழியட்டும்."

"கள்ளம் சொல்லவா?"

"ரெண்டு பேருக்கும் குடுத்தது பின்ன என்னவாக்கும்?"

ஞானசிகாமணி அருகில் வந்தார். "சம்மந்தி, அது எந்த வயல்?"

"நடங்க, அங்க போய்ப் பேசலாம்."

"நடப்போம். எனக்கும் அங்க ஒரு காரியம் உண்டு."

அந்தக் காரியம் வரப்பில் ஏறியதுமே கண்ணில் பட்டது. நடுவயலின் ஓரத்தில் செம்மண் குவிந்து கிடந்தது. அதிலிருந்து கரைந்த சிவப்பு, தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது.

"இன்னைக்கு காலத்தே ரெண்டு லோடு அடிக்கச் சொன்னேன்" என்றார் ஞானசிகாமணி. "மூணாம் ஓலை அன்னைக்கு பிள்ளைகளுக்க வீட்டுக்கு மண்ணு விழணும். எங்க குடும்பத்தில அப்பிடியாக்கும்."

லிதியா மெல்ல ஏதோ கேட்டாள். ஜாய் தயங்கினான். "யாரு போட்டதுன்னு அவ கேக்குதா, ஐயா."

ஜெயசிங்கின் கையில், தானே செதுக்கிய அயினிமரக் குற்றி இருந்தது. முன்னால் லிதியா, பின்னால் சம்பந்தி, ஒற்றை வரப்பில் சபை முழுவதும். திரும்பி நடக்க இடமில்லை.

"எனக்க சம்மந்தி போட்டது. நான் சொல்லித்தான் போட்டாரு. அப்பிடியே சொல்லு, மக்கா." பிறகு திரும்பினார். "சம்மந்தி, எனக்கு இருக்கது இந்த வயல் ஒண்ணுதான். கிழக்க எல்லாம் போயாச்சு. வீடும் அதைச் சுத்துன விளையும் உண்டு. அதை எடுத்துக்கிடுங்க."

"அந்த விளையில உங்க அப்பனுக்கும் அம்மைக்கும் கல்லறை கெடக்கில்லியா? கல்லறைக்க பக்கத்தில எனக்க மவன் அடுப்பு மூட்டவா? இடிச்சுத் தருவியளா?"

"இல்ல."

"வயலு?"

"இல்ல."

"பின்ன எனக்க மவன் உங்க குற்றியிலயா குடியிருப்பான்?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜெயசிங் பாலராமபுரம் வேட்டியை மடித்துக் கட்டாமலே வயலில் இறங்கினார். குற்றியை நட்டார். புதுமண்ணில் அது நிற்காமல் சாய்ந்தது. குனிந்து கையாலேயே செம்மண்ணை வாரத் தொடங்கினார்.

வரப்பிலிருந்து ஜோஸ்னாவின் குரல் கேட்டது. "ரெண்டு தடவையும் எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியளா, அப்பா?"

அவர் கை நின்றது. மறுபடி வாரினார். அடியில் கறுத்த சேறு தட்டுப்பட்டதும் குற்றியை இறக்கி, உடலின் பாரத்தையெல்லாம் அதன்மேல் வைத்து அழுத்தினார். நின்றது. வரப்பில் யாரும் கைதட்டவில்லை.

ஞானசிகாமணி செருப்பின் மண்ணைப் புல்லில் தேய்த்தார். "வீட்டில பேசணும். யோசிச்சுச் சொல்லுதேன்."

"எப்பம் சொல்லுவிய?"

ஜெயசிங் வாழ்நாளில் யாரிடமும் கேட்டிராத கேள்வி அது. ஞானசிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை. வரப்பில் நின்றவர்கள் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள். பிறகு மறுபடி நெருங்கி நின்றுகொண்டார்கள். ஜெயசிங் முழங்கால் அளவு சிவந்த தண்ணீரில், குற்றியின்மேல் கையை வைத்தபடி, முதுகை நிமிர்த்தி நின்றார். கரையேற யாரிடமாவது வழிவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை.