எழுப்ப ஆளில்லாத இரவு

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்ததற்காக இஞ்ஞாசி திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஷாம்பூ போட்டு நல்லா அலசிட்டு வாங்கன்னுதானே சொன்னேன் அங்கிள்? இப்ப பசை எப்படி ஒட்டும்?"

கேட்டவள் லீலா. மருத்துவமனையில் தூக்கத்தைப் பரிசோதிக்கும் அறை அவள் பொறுப்பு. நல்லா தூக்கம் வரட்டும் என்று உச்சியில் நல்லெண்ணெய் தேய்த்து அனுப்பியவள் அவர் மனைவி உர்சுலா. தூங்குவதற்குத்தானே வரச் சொன்னார்கள், இதில் என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. குழாய்க்கு அடியில் தலையைக் கொடுத்துவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். லீலா முடியை விலக்கி விலக்கிப் பசை தடவி ஒயர்களை ஒட்டினாள். கண்ணோரத்தில் இரண்டு, தாடையில் ஒன்று, மூக்குக்குக் கீழே ஒன்று. மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டினாள். கடைசியில் காது மடலில் ஒரு கவ்வி. ஒயர்களெல்லாம் சுவரிலிருந்த ஓட்டை வழியாக அடுத்த அறைக்குப் போயின. அங்கே ஏதோ ஒரு எந்திரம் காகிதத்தைக் கீறுகிற சத்தம் கேட்டது.

"வீட்டுல எப்படித் தூங்குவீங்களோ அப்படியே தூங்குங்க. அவ்வளவுதான் லா."

அவர் படுத்தார். திரும்பினால் ஏதாவது பிய்ந்துவிடுமோ என்று பிணம் மாதிரி நேராகக் கிடந்தார். வீட்டில் எப்படித் தூங்குவார் என்பது அவருக்கே தெரியாது. தெரியாது என்பது தெரிந்ததே போன மாதம்தான்.

தோ பாயோவில் எம்ஆர்டி ரயிலுக்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றியிருந்த பலகை வேலியில் அவர் ஓட்டிய பஸ் உரசி நின்றது. கண்ணைத் திறந்தபோது ஒரு சீனக் கிழவி அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். யாருக்கும் அடியில்லை. டாக்டர் கடிதம் கொடுக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று டாக்டர் கேட்டார். லீலாதான் தமிழில் சொன்னாள். இஞ்ஞாசி இல்லை என்று தலையாட்டுவதற்குள் உர்சுலா முந்திக்கொண்டாள்.

"நிக்கும். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்கிற நேரம். சில நாள் ரெண்டாவதுல பாதி வரைக்கும் போயிரும். அதுக்கு மேல எனக்குப் பயம், இடிச்சிருவேன்."

சீன டாக்டருக்குப் புரியவில்லை. சொல்லிக் காட்டச் சொன்னார். உர்சுலா கண்ணை மூடி, இரவில் முணுமுணுக்கிற வேகத்திலேயே செபத்தைச் சொன்னாள். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முடித்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். இஞ்ஞாசி மனைவியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விலாவில் விழும் அந்த இடிகளுக்காக அவளை எத்தனையோ முறை ஏசியிருக்கிறார். குறட்டை பிடிக்காமல் இடிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தார். அப்படியானால் இத்தனை வருடமும் அவள் எப்போது தூங்கினாள்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கேட்க நினைத்தார். அவர்கள் வீடிருந்த மார்சிலிங் வந்துவிட்டது. கேட்கவில்லை.

விளக்கை அணைக்க வந்த லீலாவிடம், "மூச்சு நின்னா என்னை இடிப்பியாம்மா?" என்றார்.

"இடிக்கக் கூடாது அங்கிள். எழுப்பிட்டா டெஸ்ட்டே வீணா போயிரும். நான் அந்த ரூம்ல இருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்."

"பாத்துக்கிட்டே?"

"ரொம்ப மோசமா போனா வருவேன்."

"மோசம்னா எம்புட்டு?"

"ஐயோ, நீங்க கேள்வி கேட்டே விடிய வச்சிருவீங்க போல!"

இருட்டில் அவர் யோசித்தார். தூங்கினால் மூச்சு நிற்கும், இடிக்க ஆளில்லை. தூங்காவிட்டால் கடிதம் இல்லை, பஸ் இல்லை. நோய் என்று வந்தால் லைசென்சைப் பிடுங்கிக்கொள்வார்களோ? நோயே இல்லை என்று வந்தால் வேலை நேரத்தில் சோம்பேறித்தனமாகத் தூங்கினான் என்றாகிவிடும். எது வரவேண்டும் என்று மாதாவிடம் கேட்பது? கேட்கத் தொடங்கி, என்ன கேட்பதென்று தெரியாமல் பாதியில் விட்டார். எந்திரம் கீறிக்கொண்டே இருந்தது.

காலையில் லீலா ஒயர்களைப் பிய்க்கும்போது அவர் மெல்லச் சொன்னார்: "மன்னிச்சிரும்மா. நான் ஒரு பொட்டுகூடத் தூங்கல."

"நல்லாத் தூங்கினீங்க அங்கிள்." அவள் மடிப்பு மடிப்பாகக் கிடந்த காகிதக் கட்டைத் தூக்கிவந்து ஓரிடத்தில் விரித்தாள். "இந்தக் கோடுதான் உங்க மூச்சு."

மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் தரை மாதிரி சமமாகிவிட்டது. வெகுதூரம் அப்படியே போய், பிறகு கிறுக்கலாகத் துள்ளியது. சமமாக இருந்த இடத்தை அவர் விரலால் தடவினார். தான் முழித்தே கிடந்ததாக அல்லவா நினைத்திருந்தார்?

"பஸ் ஓட்டலாமாம்மா?"

"அதை டாக்டர்தான் சொல்வாரு. அடுத்த வாரம் வாங்க."

முடியில் பசை திட்டுத்திட்டாகக் காய்ந்திருக்க, வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வந்தார். உர்சுலா அங்கே பெஞ்சியில் இருந்தாள். முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்திருக்க வேண்டும். தூணில் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, பையை மடியில் கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். இஞ்ஞாசி அருகில் போய் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் தூங்கும் முகத்தை அவர் பார்த்ததேயில்லை. வேறு யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தது. பார்க்கலாமா என்றுகூடக் கூச்சமாக இருந்தது.

மார்சிலிங் போகும் பஸ் வந்து நின்றது. ஓட்டியவன் அவர் டிப்போவைச் சேர்ந்த சேதுபதி.

"என்னண்ணே, கடிதம் குடுத்துட்டாங்களா? ஏறுங்க."

அவர் கையைத் தூக்கினார். இரு என்றா, போ என்றா, அவருக்கே தெரியவில்லை. கதவைத் திறந்து வைத்தபடி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அதன் அதிர்வில் பெஞ்சி நடுங்க, உர்சுலாவின் தலை தூணிலிருந்து அவர் தோள் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து வந்தது.